மோஸ்ட் நகரத்து மூவர்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். செக் கோல்கீப்பர் டொமினிக் ஹாஷெக் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, 1998 நகானோ ஒலிம்பிக்கின் ஐஸ் ஹாக்கி இறுதியாட்டத்தைத் தேடிப் பார்த்தேன். இந்த விளையாட்டை நான் பார்ப்பது இதுதான் முதல்முறை. 'பக்' என்கிற அந்தச் சின்ன ரப்பர் வட்டு எங்கே இருக்கிறது என்று கண் பழகுவதற்குள் பாதி ஆட்டம் போய்விட்டது. செக் அணி ரஷ்யாவை 1–0 என்று வென்றது. அந்த ஒரே கோலை அடித்தவர் பெட்டர் ஸ்வோபோடா. உங்கள் கட்டுரையில் அவருக்கு ஒரு வரிதான் இருந்தது. அதனால் அவரைப் பற்றி நானே தேடிப் படித்தேன். படித்ததிலிருந்து ஒரு உறுத்தல்.

அவர் 18 வயதில் நாட்டைவிட்டு ஓடிப்போனவர். பதினான்கு வருடம் கனடாவிலும் அமெரிக்காவிலும் நல்ல சம்பளத்துக்கு ஆடினார். பிறகு இரண்டு வாரம் வந்து தேசிய அணிக்கு ஆடினார். ஒரு கோல், தங்கப் பதக்கம், வரலாற்றில் இடம். அத்தனை வருடமும் ஊரிலேயே கிடந்து, அரசாங்கம் சொன்னபடி ஆடியவர்களை நினைத்தால் இது நியாயமாகப் படவில்லை.

இன்னொன்று. வட அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.எச்.எல். போட்டிகளில் 1,028 ஆட்டங்களுக்கு அவர் அடித்தது 58 கோல். பதினேழு பதினெட்டு ஆட்டத்துக்கு ஒன்று. அப்படியானால் நகானோ கோல் அதிர்ஷ்டம்தானே? கோலும் அடிக்காத, கோல்கீப்பரும் இல்லாத ஒரு டிஃபென்ஸ் ஆட்டக்காரரின் வாழ்க்கையில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
ம.

---

அன்புள்ள ம.,

இவ்வளவு அக்கறையோடு ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். அதற்காகவே இது நீண்ட பதிலாக இருக்கப்போகிறது.

முதலில் 'ஓடிப்போனவர்' விஷயம். அதற்கு மோஸ்ட் என்ற ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.

செக் நாட்டின் வடமேற்கே, ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்தில் பழுப்பு நிலக்கரி வெட்டும் பூமி அது. இடைக்காலத்திலிருந்தே இருந்த நகரம். அதன் அடியிலும் கரி இருந்தது. கம்யூனிஸ்ட் அரசு 1960களில், ஊரை இடித்துவிட்டுக் கரியை எடுப்பது என்று முடிவெடுத்தது. தெருத்தெருவாக இடித்தார்கள். பக்கத்தில் கான்கிரீட் அடுக்குமாடிகளால் ஒரு புது மோஸ்ட் எழும்பியது. பழைய ஊரின் பெரிய மாதா கோயிலை மட்டும் 1975-இல் தண்டவாளத்தின்மேல் ஏற்றி, ஏறக்குறைய ஒரு மாதம் மெல்ல மெல்ல நகர்த்தி, 841 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். ஸ்வோபோடா பிறந்தது இந்த ஊரில், 1966 பிப்ரவரி 14-ஆம் தேதி. கோயில் நகர்ந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அரசு நினைத்தால் ஒரு ஊரையே இல்லாமல் ஆக்கிவிட முடியும் என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் பாடப்புத்தகத்தில் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பக்கத்து ஊர் லிட்வீனோவ். கரியிலிருந்து பெட்ரோல் எடுப்பதற்காக ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் கட்டிய பெரிய ரசாயன ஆலை அங்கே உண்டு. போருக்குப் பிறகு அதற்கு ஸ்டாலின் பெயரையே வைத்தார்கள். ஆலையின் ஹாக்கி மன்றம்தான் அந்த வட்டாரத்துப் பையன்களுக்கு எல்லாம். பெரிய நகரம் கிடையாது. காற்றில் கந்தக நெடி. ஆனால் அந்தப் பனித்தளத்திலிருந்து வந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

அதில் மூன்று பேரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மூவரும் மோஸ்ட்டில் பிறந்தவர்கள், லிட்வீனோவில் ஆடி வளர்ந்தவர்கள். இவான் ஹ்லின்கா, பிறந்தது 1950. விளாதிமீர் ரூஷிச்கா, 1963. பெட்டர் ஸ்வோபோடா, 1966. நகானோவில் ஹ்லின்கா பயிற்சியாளர், ரூஷிச்கா அணித்தலைவர், ஸ்வோபோடா அந்த கோலை அடித்தவர். மூன்று பேருக்கும் முன்னால் இருந்தது ஒரே எல்லைதான். ஆளுக்கொரு விதமாக அதைக் கடந்தார்கள்.

ஹ்லின்கா அனுமதியோடு போனவர். 1972, 1976, 1977 என மூன்று முறை உலகச் சாம்பியனான அணியின் தூண்களில் ஒருவர். நாட்டுக்கு உழைத்து முடித்து, முப்பதைத் தாண்டிய ஆட்டக்காரர்களை வெளியே விடலாம் என்று அரசு இறங்கிவந்த காலத்தில், 1981-இல் என்.எச்.எல்.-இன் வான்கூவர் கனக்ஸ் அணிக்குப் போனார். அவரோடு போனவர் யிர்ஷி பூப்லா, தேசிய அணியின் மூத்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர். ஹ்லின்கா முதல் பருவத்திலேயே, அடித்த கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து, 60 புள்ளிகள் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 31. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் போயிருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடிவதில்லை.

ரூஷிச்கா தங்கியவர். 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் வெள்ளி, 1985 உலகப் போட்டியில் தங்கம். டொரொண்டோ அணி 1982-லேயே அவரைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. அவர் போகவில்லை. இடையில் ராணுவ மன்றமான டுக்லா ட்ரென்ச்சீனில் ஆடினார். 1989 நவம்பரில் அரசு கவிழ்ந்த பிறகு, 1990 தொடக்கத்தில்தான் எட்மண்டன் அணிக்குப் போய்ச் சேர்ந்தார். பிறகு பாஸ்டன், பிறகு மறுபடி சொந்த நாடு.

ஸ்வோபோடா போனது 1984-இல். இளையோர் அணியோடு மேற்கு ஜெர்மனிக்கு ஆடப் போனவர் திரும்பவில்லை. அன்றைய செக்கோஸ்லோவாக்கியச் சட்டத்தில் அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுப் போவது குற்றம். ஆள் இல்லாமலேயே வழக்கு நடத்தித் தண்டனை கொடுப்பார்கள். திரும்பி வந்தால் சிறை. பெற்றோரை எப்போது பார்ப்போம், பார்ப்போமா என்பதே தெரியாது. 1989-இல் எல்லாம் மாறும் என்பது இன்று நமக்குத் தெரியும். 1984-இல் அது யாருக்கும் தெரியாது. அந்த வயதில் அவர் எடுத்த முடிவு, அவருக்குத் தெரிந்தவரை, வாழ்நாள் முழுமைக்கும் எடுத்த முடிவு.

இந்த அச்சத்துக்கு ஹாக்கியிலேயே பழைய கணக்கு ஒன்று உண்டு. 1949-இல் உலகச் சாம்பியனான செக்கோஸ்லோவாக்கிய அணியின் ஆட்டக்காரர்களை 1950 மார்ச்சில் பிடித்து உள்ளே போட்டார்கள். வெளிநாட்டில் தங்கிவிடத் திட்டமிட்டார்கள் என்று குற்றச்சாட்டு. கோல்கீப்பர் போகுமில் மோட்ரிக்குப் பதினைந்து வருடச் சிறைத்தண்டனை. போகலாமா என்று பேசிக்கொண்டதற்கே அந்த விலை. உலகச் சாம்பியன்களை யுரேனியச் சுரங்கத்துக்கு அனுப்பிய ஒரு அரசிடமிருந்து ஒரு பையன் தப்பிப்போனால், அந்தச் செயலுக்கு 'ஓடிப்போதல்' என்ற குற்றச்சாயல் ஏறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கதவைப் பூட்டியவனைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

லிட்வீனோவில் ஆடியவர்களில் அப்படிப் போனவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. அடுத்த வருடம் பெட்டர் க்ளீமா டெட்ராய்ட்டுக்குப் போனார். 1989 ஜனவரியில் பெட்டர் நெட்வெத், 17 வயதுப் பையன், கனடாவின் கால்கரியில் ஒரு இளையோர் போட்டி முடிந்ததும் அங்கேயே தங்கிவிட்டார். ஒரே சிறு நகரத்து மன்றத்தில் ஆடியவர்களில் ஐந்து வருடத்துக்குள் மூன்று பேர்.

ஆனாலும் உங்கள் கேள்வியின் இன்னொரு பாதியை நான் தள்ளிவிடவில்லை. தங்கியவர்களுக்கு நடந்தது அநீதிதான். ஒருவர் போனால், மிச்சமிருப்பவர்கள்மேல் கண்காணிப்பு இறுகும். அடுத்த வெளிநாட்டுப் பயணத்தில் கூடவே ஆள் வரும். யான் சூஹி என்று ஒருவர் இருந்தார். டுக்லா யிஹ்லாவா அணி. எனக்குத் தெரிந்து ஐரோப்பா கண்ட மிக அழகான டிஃபென்ஸ் ஆட்டக்காரர்களில் ஒருவர். பின்வரிசையிலிருந்து பக்கைத் தானே எடுத்துக்கொண்டு எதிரணிக்குள் போவார். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் ப்ராகுக்குள் வந்தன. ஏழு மாதம் கழித்து, 1969 மார்ச் 21-ஆம் தேதி ஸ்டாக்ஹோம் உலகப் போட்டியில் செக்கோஸ்லோவாக்கியா சோவியத்தை 2–0 என்று வீழ்த்தியது. அந்த இரண்டில் ஒரு கோல் சூஹி அடித்தது. ஒரு வாரத்தில் மறுபடியும் மோதி 4–3 என்று வென்றார்கள். அன்றிரவு ப்ராகில் மக்கள் தெருவுக்கு வந்து சோவியத் விமான நிறுவனமான ஏரோஃப்ளாட்டின் அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். அப்படிப்பட்ட சூஹி, உடலில் வலு இருந்த காலத்தில் என்.எச்.எல். பக்கம் போகவே வழியில்லாமல் போயிற்று. 1,028 ஆட்டம் என்று ஸ்வோபோடாவுக்கு எண்ணிக்கை இருக்கிறது. சூஹிக்கு அந்தக் கணக்கில் சுழியம். இதற்காக வருத்தப்பட வேண்டும் என்றால் நானும் உங்களோடு சேர்ந்து வருத்தப்படுகிறேன். ஆனால் அந்த வருத்தத்துக்கு ஸ்வோபோடா பொறுப்பாக மாட்டார்.

'இரண்டு வாரம்தானே வந்தார்' என்கிறீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 1998 வரை ஒலிம்பிக்குக்காக என்.எச்.எல். தன் பருவத்தை நிறுத்தியதே கிடையாது. பிப்ரவரி மாதம் அங்கே ஆட்டம் மும்முரமாக நடக்கும் நேரம். உலகப் போட்டிகளுக்கும், தங்கள் அணி கோப்பைச் சுற்றிலிருந்து வெளியேறிய பிறகுதான் வர முடியும். நகானோவில்தான் முதல்முறையாக உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒலிம்பிக்கில் கூடினார்கள். ஸ்வோபோடாவை அழைத்தவர் ஹ்லின்கா. கனடாவும் அமெரிக்காவும் என்.எச்.எல். ஆட்களை மட்டுமே கொண்டு வந்து நின்றபோது, ஹ்லின்காவின் அணியில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐரோப்பிய மன்றங்களில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். தலைவர் ரூஷிச்காவே ப்ராகின் ஸ்லாவியா ஆட்டக்காரர். போனவர்களும் தங்கியவர்களும் அங்கே ஒரே உடைமாற்றும் அறையில் இருந்தார்கள். ரூஷிச்கா அவரை வேற்றாளாக நினைத்திருந்தால் அந்த அணி அப்படி ஆடியிருக்காது.

இனி அவர் ஆடிய வாழ்க்கைக்கு வருகிறேன்.

1984 ஜூன் 9, மாண்ட்ரியல் ஃபோரம் அரங்கம். என்.எச்.எல். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள். முதல் பெயர் மரியோ லெமியூ, பிட்ஸ்பர்க். இரண்டாவது கர்க் மல்லர், மூன்றாவது எட் ஓல்சிக், நான்காவது அல் ஐயாஃப்ரேட்டி. ஐந்தாவது இடம் உள்ளூர் அணியான மாண்ட்ரியல் கனடியன்ஸுக்கு. மேலாளர் செர்ஜ் சவார்ட் ஒரு செக் பெயரைச் சொன்னார். கம்யூனிஸ்ட் நாட்டு ஆட்டக்காரரை இவ்வளவு உயர்ந்த இடத்தில் யாரும் எடுப்பதில்லை, ஆள் வருவாரா மாட்டாரா என்று தெரியாதே. அப்போது அந்தப் பையனே அரங்கத்துக்குள் நடந்து வந்தான். மேற்கு ஜெர்மனியிலிருந்து ரகசியமாகக் கூட்டிவந்து, மற்ற அணிகள் கண்ணில் படாமல் வைத்திருந்தார்கள். அதே நாளில் மாண்ட்ரியல் 51-ஆவது இடத்தில் எடுத்தது பாட்ரிக் ருவா என்ற கோல்கீப்பரை. இரண்டு வருடத்தில், 1986-இல், அந்த அணி என்.எச்.எல்.-இன் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்றது. ஸ்வோபோடாவுக்கு 20 வயது.

இதே அரங்கத்தில் எட்டு வருடம் கழித்து, 1992-இல், இன்னொரு செக் டிஃபென்ஸ் ஆட்டக்காரர் ரோமன் ஹம்ர்லீக்கை டாம்பா பே அணி எல்லோருக்கும் முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது. அவரை யாரும் ஒளித்துவைக்க வேண்டியிருக்கவில்லை. நகானோவில் ஸ்வோபோடாவும் ஹம்ர்லீக்கும் ஒரே பின்வரிசையில் ஆடினார்கள்.

டிஃபென்ஸ் ஆட்டக்காரரின் வேலை என்ன? ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பரைத் தவிர ஐந்து பேர் தளத்தில் இருப்பார்கள், அதில் இருவர் டிஃபென்ஸ். முக்கால் நிமிடம் முழு வேகத்தில் ஆடிவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்குவார்கள். ஒரு நல்ல டிஃபென்ஸ் ஆட்டக்காரர் ஒரு ஆட்டத்தில் இருபது நிமிடம் போல இப்படித் துண்டுதுண்டாக ஆடுவார். முன்வரிசைக்காரர்கள் முன்னோக்கி ஓடுவார்கள். இவர்கள் பெரும்பாலும் பின்னோக்கிச் சறுக்குவார்கள், முகம் எதிராளியைப் பார்த்தபடி. அவனுக்கும் தனக்கும் இடையே இருக்கும் தூரம்தான் எல்லாம். அதிகம் விட்டால் அவன் நிதானமாகக் குறிபார்த்து அடிப்பான், நெருங்கிவிட்டால் ஒரு திருப்பில் தாண்டிப் போய்விடுவான். கை நீட்டும் தூரத்தில் அவனை வைத்துக்கொண்டே, தளத்தின் நடுவிலிருந்து ஓரமாக, பலகைச் சுவர் பக்கம், கோல் தெரியாத கோணத்துக்கு ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும். இதைச் சரியாகச் செய்தால் தொலைக்காட்சியில் எதுவும் நடந்ததாகவே தெரியாது. நீங்கள் முதல்முறை பார்த்தபோது இவர்கள் கண்ணில் படாதது உங்கள் குறை இல்லை.

அடுத்தது முதல் பாஸ். எதிரணி பக்கைத் தளத்தின் அடி மூலைக்குத் தட்டிவிட்டு, இரண்டு பேர் அதைத் துரத்திக்கொண்டு வருவார்கள். டிஃபென்ஸ்காரர் முதுகைக் காட்டியபடி போய் அதை எடுக்க வேண்டும். எடுத்த அடுத்த நொடி சுவரில் மோதி நசுக்கப்படப்போகிறோம் என்று தெரியும். தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்து, மோதல் விழுவதற்கு முன்பே சொந்த அணிக்காரரின் மட்டையில் பக்கைச் சேர்க்க வேண்டும். அந்த ஒரு பாஸில்தான் தற்காப்பு தாக்குதலாக மாறுகிறது. ஸ்வோபோடாவின் பெயர் நின்றது இதனால்தான். ஒல்லியான உடம்பு, அருமையான சறுக்கல், சுத்தமான முதல் பாஸ். நீங்கள் 58 என்ற எண்ணைப் பார்த்தீர்கள். பக்கத்துப் பத்தியில் 341 என்று இருக்கும். அவர் கொடுத்த பாஸில் மற்றவர்கள் அடித்த கோல்கள் அவை. அதற்கும் பக்கத்தில் 1,605 என்று ஒன்று. விதிமீறலுக்காகத் தளத்துக்கு வெளியே உட்கார வைக்கப்பட்ட தண்டனை நிமிடங்கள். ஒல்லியான ஆள்தானே என்று இடித்துத் தள்ளப் பார்த்தவர்களிடம் அவர் பணிந்து போகவில்லை. கிட்டத்தட்ட இருபத்தேழு மணி நேரம் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார்!

மாண்ட்ரியலில் எட்டு வருடம். லாரி ராபின்சன் என்ற மாபெரும் டிஃபென்ஸ்காரர் அங்கே விளையாடிய கடைசி ஆண்டுகளில் அதே அணியில் இருக்கும் பேறு அவருக்குக் கிடைத்தது. 1992 மார்ச்சில் பஃபலோ அணிக்கு மாற்றினார்கள். அந்தக் கோடையில் அங்கே வந்து சேர்ந்தவர் உங்களுக்குப் பிடித்த ஹாஷெக். 1995 வசந்தம் வரை இருவரும் ஒரே அணி. ஹாஷெக்கின் பாணி உங்களுக்கு நினைவிருக்கும்: விழுவார், உருளுவார், மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கையால் பக்கைப் பிடிப்பார். அவர் எப்போது எழுவார், திரும்பிவரும் பக் எந்தப் பக்கம் விழும் என்று அவருக்கு முன்னால் நின்று பழகியவர்களுக்குத்தான் தெரியும். நகானோவில் ஆறு ஆட்டங்களில் ஹாஷெக் விட்டது ஆறு கோல்தான். அந்தப் பெருமை அவருடையது. கூடவே அவர் முன்னால் நின்ற ஏழு பேரையும் சொல்ல வேண்டும்: ஸ்வோபோடா, ஹம்ர்லீக், ரிச்சர்ட் ஷ்மெஹ்லீக், ஃப்ரான்டிஷெக் குச்சேரா, யாரொஸ்லாவ் ஷ்பாச்செக், யிர்ஷி ஷ்லேகர், லிபோர் ப்ரொஹாஸ்கா.

பஃபலோவிலிருந்து ஃபிலடெல்ஃபியா. 1997-இல் அந்த அணி ஸ்டான்லி கோப்பை இறுதிக்குப் போய், டெட்ராய்ட்டிடம் நான்கு ஆட்டங்களையும் தோற்றது. எட்டு மாதம் கழித்து நகானோ.

இப்போது உங்கள் 'அதிர்ஷ்டம்'. 1998 பிப்ரவரி 22, ஞாயிறு. ப்ராகில் விடிந்தும் விடியாத நேரம், பழைய நகரச் சதுக்கத்தில் பெருந்திரை முன்னால் கூட்டம். அதே ரஷ்ய அணியிடம் முதல் சுற்றில் 2–1 என்று செக் தோற்றிருந்தது. ரஷ்யத் தலைவர் பாவெல் புரே அரையிறுதியில் பின்லாந்துக்கு எதிராகத் தனியாளாக ஐந்து கோல் அடித்துவிட்டு வந்திருந்தார். இரண்டு பகுதி முடிந்தும் கோல் இல்லை. மூன்றாவது பகுதியில் 8 நிமிடம் 8 விநாடி. செக் முன்வரிசையின் பட்டேராவும் மார்ட்டின் ப்ரொஹாஸ்காவும் கைமாற்றிய பக், எதிரணிப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டருகே நின்ற ஸ்வோபோடாவிடம் வந்தது. ஓங்கி அடித்தார். ரஷ்ய கோல்கீப்பர் ஷ்தலென்கோவைத் தாண்டி உள்ளே போனது.

நீலக்கோட்டிலிருந்து அடிக்கும் அடி பெரும்பாலும் கோலாகாது என்பது உண்மைதான். யாரோ ஒருவரின் காலில் படும், கீப்பர் பிடிப்பார், வெளியே போகும். ஆனால் டிஃபென்ஸ்காரரின் கடமைகளில் அதுவும் ஒன்று. தாக்கும்போது முன்னால் மூன்று பேர் கோல் அருகே நெருக்கியடித்து நிற்பார்கள். பின்னால் இருப்பவர், சந்து தெரிந்த கணத்தில் அடித்துவிட வேண்டும். ஒரு விநாடி தாமதித்தாலும் சந்து மூடிவிடும். அடி ஒரு ரஷ்யனின் மட்டையில் பட்டுத் திரும்பினால் பின்னால் யாரும் இல்லை, புரே ஒருவரே போதும். ஒலிம்பிக் இறுதியில், 0–0 நிலையில், அந்த ஆபத்தைத் தெரிந்துகொண்டே அடிப்பதற்கு ஒரு மனம் வேண்டும். பதினான்கு வருடம் அந்த இடத்தில் நின்றவருக்கு அது இருந்தது. அந்தப் போட்டி முழுவதிலும் அவர் அடித்தது அந்த ஒன்றுதான். அதிர்ஷ்டத்தின் பங்கு கொஞ்சம் இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. அது போய்ச் சேர்ந்த இடம் எனக்குச் சரியாகவே படுகிறது.

என்னைக் கேட்டால் கோலைவிடப் பெரிய விஷயம் அதற்குப் பிறகு இருந்த 11 நிமிடம் 52 விநாடி. ரஷ்யா முழு வேகத்தில் வந்தது. செக் அணி ஒரு கோலும் விடவில்லை. கோலை அடித்துக் கட்டிப்பிடித்துக் கொண்டாடிய அதே ஆள், அடுத்த முறை தளத்தில் இறங்கியதும் பின்னோக்கிச் சறுக்கத் தொடங்கினார்.

அதன்பின் அவர் அதிக காலம் ஆடவில்லை. 1998 டிசம்பரில் டாம்பா பேக்கு மாற்றினார்கள். அங்கே 1,000 ஆட்டங்களைக் கடந்தார். செக் மண்ணிலிருந்து போன எவரும் அதற்கு முன் அந்த எண்ணைத் தொட்டதில்லை. பிறகு தலையில் பட்ட அடி, தீராத தலைவலி. 2000–01 பருவம் பாதியிலேயே முடிந்துபோனது. திரும்பி வரவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு மூலைக்குப் போய்ப் பக்கை எடுப்பதன் விலை என்று மேலே சொன்னேனே, அதை அவர் உடம்பால் கட்டினார். பின்னாளில் ஆட்டக்காரர்களின் முகவராக ஆனார். செக் ஹாக்கியின் பெரும் நட்சத்திரமான யாரொமீர் யாகருக்கே முகவராக இருந்தார். ஒரு காலத்தில் ரகசியமாகக் கடல்தாண்டி வந்தவர், அதே கடலின் இரு பக்கமும் ஒப்பந்தம் பேசுவதைத் தொழிலாகக் கொண்டார்.

ஹ்லின்கா 2004 ஆகஸ்டில் கார் விபத்தில் இறந்தார். லிட்வீனோவின் பனி அரங்கத்துக்கு இப்போது அவர் பெயர்.

நீங்கள் இன்னும் ஒரு ஆட்டம் பார்க்க வேண்டும். அதே நகானோவில் கனடாவோடு நடந்த அரையிறுதி. செக் அணியின் கோலை அடித்தவர் அங்கேயும் ஒரு டிஃபென்ஸ்காரர், ஷ்லேகர். வான்கூவருக்கு ஹ்லின்காவோடு போன பூப்லாவின் மகன், அவரும் லிட்வீனோவில் வளர்ந்தவர். 63 விநாடி மிச்சமிருந்தபோது கனடாவின் ட்ரெவர் லிண்டன் சமன் செய்தார். பெனால்டி முறையில் ஹாஷெக் ஐந்து பேரையும் நிறுத்தினார், செக் அணிக்காக அடித்தவர் ராபர்ட் ரைஹெல், அவரும் லிட்வீனோவ்தான். பார்க்கும்போது பக்கைத் துரத்தாதீர்கள். கனடாவின் எரிக் லிண்ட்ரோஸ் தளத்தில் இறங்கும்போதெல்லாம் அவருக்கு எதிரே பின்னோக்கிப் போகும் இருவரை மட்டும் பாருங்கள். அவர்கள் அவரை எந்தப் பக்கம் ஒதுக்குகிறார்கள் என்று கவனித்துவிட்டு எழுதுங்கள். அதைப் பற்றி உங்களோடு இன்னும் பேச ஆசை.

அன்புடன்.